ஒரே சிறை முகாம்... இரண்டு தளபதிகள்!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிமருந்தை யாரும் வெடிமருந்து என்று சொல்வதில்லை. வெறும் 'மருந்து'தான். மருந்து கலக்கிற அறை, மருந்து செலுத்துகிற அறை, மருந்து காய வைக்கிற மேடை. கேட்பதற்கு ஏதோ வைத்தியசாலை மாதிரி இருக்கும். ஆனால், எந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை ராத்திரி அறையில் விட்டுவைத்தால் மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

ஒரு நாட்டுக்கு ராணுவமும் இந்த மருந்து மாதிரிதான். இல்லாமல் முடியாது. அளவும் நேரமும் தவறினால் வைத்திருக்கிற வீட்டையே கொளுத்திவிடும்.

இதற்கு இரண்டு தளபதிகளின் வாழ்க்கையே சாட்சி. ஒருவர் பாகிஸ்தானின் ஜெனரல் யாஹ்யா கான். மற்றவர் திருச்செங்கோடு அருகே உள்ள குமாரமங்கலத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஜெனரல் பி.பி.குமாரமங்கலம். இருவரும் ஒரே காலத்தில் எதிரெதிர் ராணுவங்களுக்குத் தலைமை வகித்தவர்கள். அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன்பு ஒரே சிறை முகாமில் கைதிகளாக இருந்தவர்கள்!

ஜமீன் வீட்டுப் பிள்ளை

பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் பிறந்தது 1913-ல். அப்பா டாக்டர் ப.சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். அம்மா ராதாபாய், மங்களூரைச் சேர்ந்தவர். லண்டனில் நடந்த முதல் வட்ட மேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். சாதி விட்டுச் சாதி கல்யாணம் என்றால் ஊரே திரும்பிப் பார்க்கிற காலத்தில் அப்படிக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி.

அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட்டாகி, பிறகு இந்திரா காந்தி அமைச்சரவையில் மத்திய அமைச்சரானார். தங்கை பார்வதி கிருஷ்ணன், கம்யூனிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். மூத்தவர் பிரபாகர் மட்டும் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்து, உல்விச் ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்று, 1933-ல் பீரங்கிப் படை அதிகாரியானார். குதிரை, போலோ என்றால் அவருக்கு உயிர்.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். சிவகாசியில் பட்டாசு ஆலைகள் மெள்ளக் காலூன்றிக்கொண்டிருந்த அதே 1942-ல், இவர் லிபியா பாலைவனத்தில் பீரங்கிகளோடு நின்றிருந்தார். மே மாதம் பிர் ஹக்கீம் அருகே ஓர் இந்தியப் படைப்பிரிவை இத்தாலிய டாங்கிகள் சூழ்ந்து நசுக்கின. அங்கே காட்டிய துணிச்சலுக்காக டி.எஸ்.ஓ. என்ற உயர்ந்த விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால், அந்தப் பாலைவனப் போரில் எதிரியின் கையில் சிக்கி, கைதியாகக் கடல் தாண்டி இத்தாலிக்குப் போனார்.

முள்வேலிக்குள் ஒரு குடும்பம்

ரோமுக்குக் கிழக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது அவெசானோ. அங்கே இருந்த முகாமில் இந்திய அதிகாரிகளை அடைத்து வைத்திருந்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோரும் ஒரே வேலிக்குள். அப்போது பாகிஸ்தான் என்று ஒரு நாடு கிடையாது.

அந்த முகாமில் இருந்து, பின்னாளில் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற ஏ.எஸ்.நரவணே தன் நினைவுகளை எழுதியிருக்கிறார். கைதிகளில் மூத்தவர் என்பதால் மேஜர் குமாரமங்கலம்தான் அவர்களுக்குத் தலைவர். அவருடைய உத்தரவுகளை நிறைவேற்றும் 'அட்ஜுடன்ட்' பொறுப்பு கேப்டன் யாஹ்யா கானுக்கு. சாப்பாடு, சாமான் விநியோகத்தைப் பார்த்தவர் ராம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கேப்டன் யாகூப் கான். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. உடனே ஜெர்மன் படைகள் உள்ளே புகுந்தன. அந்தக் குழப்பத்தில் கைதிகள் பலரும் மலைக்காடுகளுக்குள் ஓடினார்கள். யாஹ்யா கான் தப்பித்து நேச நாட்டுப் படைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். குமாரமங்கலத்துக்கு வழியில் காலில் அடிபட்டது. அவரும் யாகூப் கானும் ஜெர்மானியரிடம் மீண்டும் சிக்கினார்கள். போர் முடிகிற வரை விடுதலை இல்லை.

1947-ல் நாடு பிரிந்தபோது ராணுவமும் பிரிந்தது. துப்பாக்கி, லாரி, பேண்டு வாத்தியம் வரை பங்கு போட்டார்கள். யாஹ்யாவும் யாகூப்பும் பாகிஸ்தானுக்குப் போனார்கள். குமாரமங்கலம் இங்கே இருந்தார்.

எதிரெதிர் நாற்காலிகள்

1965 போரில் சம்ப் முனையில் பாகிஸ்தான் படையை நடத்தினார் யாஹ்யா. டெல்லியில் இந்தியத் தரைப்படையின் துணைத் தளபதி, குமாரமங்கலம். மறு வருடம் இருவருமே உச்சிக்குப் போனார்கள். 1966 ஜூன் 8-ல் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தளபதி. செப்டம்பர் 18-ல் யாஹ்யா பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைத் தளபதி. முகாமில் தலைவரும் அட்ஜுடன்ட்டுமாக இருந்தவர்கள் இப்போது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்!

இருவரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வளர்ந்தவர்கள். ஒரே மாதிரி பயிற்சி, ஒரே மாதிரி மெஸ் பழக்கம், ஒரே மாதிரி சட்டதிட்டம். ஆனால், அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகள் ஒன்றல்ல.

இந்தியாவில் அந்த நாற்காலியின் கால்களை முன்பே அளவாக அறுத்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் தலைமைத் தளபதி குடியிருந்த டெல்லி மாளிகைக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு பிரதமர் நேரு குடிபோனார். அதுதான் தீன்மூர்த்தி பவன். 1955-ல் 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பட்டமே எடுக்கப்பட்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனித் தளபதிகள். பதவிக்குக் காலவரம்பு. அது முடிந்தால் வீட்டுக்கு.

பாகிஸ்தானில் நடந்தது வேறு. 1958-லேயே தலைமைத் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்துவிட்டார். ராணுவத் தலைமை என்பது அதிபர் மாளிகையின் முதல் படி என்று ஆகிவிட்டது.

1967 பிப்ரவரி: விருதுநகரில் ஒரு தோல்வி

குமாரமங்கலம் தளபதியாக இருந்த காலத்தில்தான் 1967 பொதுத்தேர்தல் வந்தது. இரண்டு போர்கள், பஞ்சம், விலைவாசி, அடுத்தடுத்து இரண்டு பிரதமர்களின் மரணம் என நாடு தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். இந்தியாவின் ஜனநாயகம் நொறுங்குகிறது, இதுவே கடைசித் தேர்தலாக இருக்கும் என்கிற பாணியில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் நெவில் மேக்ஸ்வெல் கட்டுரைகள் எழுதினார். அடுத்து ராணுவ ஆட்சிதான் என்று பலர் பேசினார்கள்.

வந்த முடிவு எல்லோருக்கும் தெரியும். விருதுநகரில், சொந்த ஊரில், அகில இந்திய காங்கிரஸ் தலைவர் காமராஜர் தோற்றார். மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில். சென்னைக் கோட்டையில் ஆட்சி மாறியது. வேறு பல மாநிலங்களிலும் மாறியது. காமராஜர் முடிவை ஏற்றுக்கொண்டார். ஒரு பட்டாளத்து லாரிகூடத் தெருவுக்கு வரவில்லை. அன்றைக்குத் தேர்தலில் தோற்றவர்கள் மறுநாள் கடைக்குப் போனார்கள், ஜெயித்தவர்கள் பதவியேற்கப் போனார்கள். தளபதி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலையும் சாதாரணமானதல்ல. அதே வருடம் செப்டம்பர், அக்டோபரில் சிக்கிம் எல்லையில் நாதுலா, சோலா கணவாய்களில் சீனப் படையோடு மோதல் வெடித்தது. 1962 தோல்வியின் வடு ஆறாத ராணுவம், இந்த முறை பின்வாங்காமல் நின்றது.

பத்தே வாரம்

1969-க்கு வருவோம். பாகிஸ்தானில் அயூப் கானுக்கு எதிராகத் தெருவெல்லாம் போராட்டம். மார்ச் 25-ல் அவர் விலகினார். அந்த நாட்டு அரசியல் சட்டப்படி நாடாளுமன்றச் சபாநாயகரிடம் பொறுப்பைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது தளபதி யாஹ்யாவிடம். ராணுவச் சட்டம் வந்தது. சில நாள்களில் யாஹ்யா தன்னை அதிபராகவும் அறிவித்துக்கொண்டார். தளபதி பதவியையும் விடவில்லை.

ஏறக்குறையப் பத்தே வாரம் கழித்து, ஜூன் 7-ம் தேதி, டெல்லியில் குமாரமங்கலத்தின் மூன்று வருடம் முடிந்தது. பொறுப்பை மானெக்‌ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். அவ்வளவுதான். சொல்வதற்கு வேறு சம்பவமே இல்லை. 36 வருட ராணுவ வாழ்க்கை அத்தனை சத்தமில்லாமல் முடிந்தது.

அங்கே யாஹ்யா 1970 டிசம்பரில் பொதுத்தேர்தல் நடத்தினார். அதை ஒழுங்காகவே நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்குப் பாகிஸ்தானின் ஷேக் முஜிபுர் ரஹ்மானுக்கு நாடு முழுவதற்குமான பெரும்பான்மை கிடைத்தது. இறங்க வேண்டிய நேரம் அதுதான். யாஹ்யா இறங்கவில்லை. நாடாளுமன்றக் கூட்டத்தைத் தள்ளி வைத்தார். டாக்கா கொதித்தது.

அப்போது கிழக்கில் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் யார் தெரியுமா? அவெசானோ முகாமில் சாமான் கணக்குப் பார்த்த அதே யாகூப் கான். சொந்த மக்கள் மீது படையை ஏவுவது தீர்வாகாது என்று சொல்லி, 1971 மார்ச் தொடக்கத்தில் ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு டிக்கா கானை அனுப்பினார் யாஹ்யா. மார்ச் 25 இரவு, யாஹ்யா ஆட்சிக்கு வந்து சரியாக இரண்டு வருடம் ஆன நாளில், டாக்காவில் துப்பாக்கிகள் வெடித்தன. சுமார் ஒரு கோடி அகதிகள், ஒன்பது மாத ரத்தம், கடைசியில் போர்.

டிசம்பர் 16-ல் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது. சுமார் 93,000 பேர் கைதானார்கள். முள்வேலிக்குள் நாள்களை எண்ணுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்துத் தெரிந்தவர் யாஹ்யா. அவருடைய முடிவுகளால் அத்தனை ஆயிரம் பேர் முள்வேலிக்குள் போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள், எங்கோ ஒரு கிராமத்தில் அம்மா, அப்பா, மனைவி, பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த சாதாரணச் சிப்பாய்கள்.

டிசம்பர் 20-ல் யாஹ்யா பதவி இழந்தார். வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1980-ல் ராவல்பிண்டியில் இறந்தார். யாகூப் கான் பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சராகி, உலக அரங்கில் மரியாதையோடு வலம் வந்தார். குமாரமங்கலத்துக்கு 1970-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அதன்பின் 30 வருடம் சாதாரணக் குடிமகனாக வாழ்ந்து, 2000 மார்ச்சில் காலமானார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது.

மறந்துபோவதும் ஒரு மரியாதை

இதை இந்தியன் நல்லவன், பாகிஸ்தானி கெட்டவன் என்று படித்துவிடக் கூடாது. யாகூப் கானும் பாகிஸ்தானிதான். அங்கேயும் 'முடியாது' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். ஆனால், ஒருவருடைய மனசாட்சி மட்டும் போதவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு விதி அங்கே இல்லை. இங்கே விதி இருந்தது, அதற்குக் கட்டுப்படுகிற மனிதரும் இருந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் நாடு.

பாகிஸ்தானில் அந்தப் பழக்கம் இன்னும் தீரவில்லை. யாஹ்யாவுக்குப் பிறகு ஜியா உல் ஹக், முஷாரஃப் என்று தளபதிகள் ஆட்சிக்கு வந்தார்கள். 2016-ல் ஜெனரல் ரஹீல் ஷெரீப் குறித்த நாளில் ஓய்வு பெற்றபோது, அதையே ஒரு சாதனையாகப் பத்திரிகைகள் எழுதின. இந்தியாவில் ஒரு தளபதி ஓய்வு பெறுவது உள்பக்கச் செய்தி. அதுதான் வித்தியாசம்.

விருதுநகர் மண்ணுக்கு இது புரியாத விஷயமே இல்லை. 1963 அக்டோபர் 2-ல், யாரும் இறக்கிவிடாமலே முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கியவர் காமராஜர். சாஸ்திரி மறைந்த பிறகு பிரதமர் பதவியே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் இந்திரா காந்தியை உட்கார வைத்தவர். இறங்கியதால் அவர் சிறுத்துப் போய்விடவில்லை.

அன்றைய மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பது பட்டாசு ஆலையின் பாலபாடம். அதிகாரத்துக்கும் அதே பாடம்தான். யாஹ்யா மிச்சம் வைத்தார். குமாரமங்கலம் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.