வழிவிடும் பாலங்கள்

தூக்குப் பாலம் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது பாம்பன். 1914-இல் அமைந்த பழைய பாலத்தின் இரு கரங்களும் கப்பலுக்காக வானோக்கி உயர்ந்த காட்சியைக் கண்டவர் நம்முள் பலர் உளர். 2025-இல் திறக்கப்பெற்ற புதிய பாலத்திலோ நடுப்பகுதி முழுவதும் நேராக மேலெழுகிறது. ஆனால், ஊர் நடுவே ஒரு சிறு கால்வாயின்மீது, மனிதர் கயிற்றைப் பற்றி இழுத்தால் எழுந்து நின்று படகுக்கு வழிவிடும் பாலங்களும் நம் நாட்டில் உண்டு. மலையாளத்தார் அவற்றைப் ‘பொக்குபாலம்’ என்பர். கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்கு நீர்வழியே சென்ற ஒரு நாளில் நாம் அவற்றைக் கண்டோம்.

படகு கோடிமதைத் துறையிலிருந்து காலையில் புறப்பட்டது. அது சுற்றுலாச் செல்வர்க்கான அலங்காரப் படகு அன்று. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை நடத்தும் எளிய பயணப் படகு. பேருந்தில் ஏறுவதுபோல் மக்கள் ஏறினர். சந்தைக்கு வந்து திரும்பும் பெண்கள், புத்தகப் பையுடன் பிள்ளைகள், காலடியில் அரிசிப் பையும் மீன் கூடையும் வைத்திருந்த முதியவர்கள் எனப் பலரும் அதில் இருந்தனர்.

கால்வாய் மிகக் குறுகலானது. இரு மருங்கிலும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வாயிற்படிகள் நீருக்குள் இறங்குகின்றன. படகைவிட உயரமாகப் பாலம் கட்ட வேண்டுமாயின், இருபுறமும் நெடுந்தொலைவு சரிவுப் பாதை வேண்டும். அதற்கு அங்கே இடமேது? தாழக் கட்டிவிட்டால் படகு செல்லாது. இவ்விரு இடர்களுக்கும் இடையே பிறந்ததே தூக்குப் பாலம்.

படகு ஊதல் எழுப்பியது. கரையிலிருந்து ஒருவர் விரைந்து வந்து கயிற்றை இழுத்தார். பாலத்தின் நடைபலகை மெல்ல மெல்ல எழுந்தது. மிதிவண்டியில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். நீர்க்குடம் ஏந்திய பெண் ஒருத்தி இடுப்பை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். படகு கடந்ததும் பலகை மீண்டும் இறங்கியது, நின்றவர்கள் நடந்தனர். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள் எழுந்து வழிவிட்டன.

காஞ்ஞிரத்தைக் கடந்தபின் கால்வாய் விரிந்து வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. படகில் அமர்ந்தபடி கரைக்கு அப்பால் நோக்கினால், நெல்வயல்கள் நீர்மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கின்றன! காயலின் நடுவே மண்ணால் வரம்பு எழுப்பி, உள்ளிருந்த நீரை இறைத்து உண்டாக்கிய நிலங்கள் இவை. சித்திரை, மார்த்தாண்டம், இராணி என்னும் காயல் நிலங்களை 1940-களில் மீட்டவர் ஜோசப் முரிக்கன். கடல்மட்டத்துக்குக் கீழே நடைபெறும் இக்குட்டநாட்டு வேளாண்மையை 2013-இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண்மை முறைகளுள் ஒன்றாக ஏற்றது.

இவ்வரம்புகளின்மேல் குடியிருப்போர்க்குப் படகே பேருந்து, நீரே சாலை. மருந்து, பள்ளி, சந்தை யாவும் அப்படகை நம்பியே உள்ளன. தூக்குப் பாலம் பழுதுற்றதால் படகு காஞ்ஞிரத்தோடு நின்றுவிட்ட காலங்கள் உண்டு. கரையில் வாழ்வோர்க்கு அது ஒரு சிறு செய்தி. காயலில் வாழ்வோர்க்கோ நகரத்துக்குச் செல்லும் நேர்வழியே அடைபட்டதாகும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆலப்புழை–கோட்டயம்–அதிரம்புழை நீர்வழி தேசிய நீர்வழிகளுள் ஒன்பதாவதாக இடம்பெற்றது. மகிழத்தக்கதே. ஆயினும் பெயர்ப்பட்டியல் பாலத்தைத் தூக்காது. அதற்கு உறுதியான கயிறும், பழுதுபார்த்த இரும்பும், வேளை தவறாத ஒரு கையும் வேண்டும்.

நம் பக்கிங்காம் கால்வாயை இங்கு எண்ணாதிருக்க முடியவில்லை. 1806-இல் வெட்டத் தொடங்கப்பெற்ற அதில் நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்னைக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் மண் தூர்ந்தது, சாக்கடை கலந்தது, சரக்கு லாரிக்கு மாறியது. முடிவில் பறக்கும் இரயிலின் தூண்களையே கால்வாய்க்குள் ஊன்றினர். சாலையும் தண்டவாளமும் வேண்டாவென்று யார் சொல்வார்? ஆனால் விரைவோர்க்காக மற்றவர் வழியை அடைத்துவிடுவது முன்னேற்றம் ஆகாது. அச்சிற்றூர்ச் சாலை, படகுக்காக ஓரிரு நிமிடம் நிற்கிறது. அந்த நிமிடத்தில்தான் பல குடும்பங்களின் நாள் நடைபெறுகிறது.

நண்பகலுக்குமுன் ஆலப்புழை சேர்ந்தோம். விடுமுறையில் அப்பக்கம் செல்லும் அன்பர்கள், பாலங்கள் இயங்குகின்றனவா, படகு எத்துறையிலிருந்து புறப்படுகிறது என்பதை முன்னரே கேட்டறிந்து, பிள்ளைகளுடன் இப்படகில் ஒருமுறை சென்று வருக. பாலம் எழும்போது, கயிற்றை இழுப்பவரைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுக.