தீவைச் சுற்ற ஒரு நாள் போதுமா?

மயிலாப்பூரில் பங்குனித் தேர் நான்கு மாட வீதிகளைச் சுற்றிவரப் பல மணி நேரம் ஆகிறது. மெதுவாகப் போகிறதென்று யாரும் குறைப்படுவதில்லை. அதே ஊர்க்காரர்கள் சிலர் ரீயூனியன் தீவுக்குப் புறப்பட்டால், "கரையோரச் சாலை சுமார் 200 கிலோமீட்டர்தானே, காரில் ஒரே நாளில் சுற்றிவிடலாம்" என்று திட்டம் போடுகிறார்கள்!

இது சரியல்ல. அங்கே எரிமலை இன்னும் ஓயவில்லை. 2007 ஏப்ரலில் தீக்குழம்பு இறங்கிக் கரையோரச் சாலையையே மூடிற்று. சிலாவோஸ் மலையூருக்குப் போகும் பாதையிலோ சுமார் 400 வளைவுகள். அவசரத்துக்கு இடமேது?

இன்னொன்றும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். பெரும்பாலோர் தமிழை மறந்தார்கள், தீமிதியை மறக்கவில்லை. ஆகவே மூன்று நாளாவது ஒதுக்க வேண்டும். அவர்கள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, நலம் விசாரிக்காமல் திரும்பலாமா?