பச்சைக் குழந்தையும் தோஷமும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் முதலில் வேண்டியவர் டாக்டரா, ஜோசியரா என்று கேட்டால் நம் மக்களில் பெரும்பாலோர் டாக்டர் என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் காரியத்தில் பார்த்தால், பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஜோசியர் வீட்டுக்கு ஓடுகிற வேகத்தில் பாதிகூடக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதில் காட்டப்படுவதில்லை. கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாதாம். மாமன் எண்ணெயில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்! கழுத்தில் கொடி சுற்றினால் ஆபத்து குழந்தைக்கா, மாமனுக்கா என்று கேட்பாரில்லை.

அது போகட்டும், அதில் நஷ்டம் ஒரு கிண்ணம் எண்ணெய்தான். நாம் இன்று எழுதப் புகுந்தது குழந்தையின் உயிரையும் மூளையையும் பற்றிய விஷயம்.

பிறந்த இரண்டு மூன்று நாளில் குழந்தையின் முகமும் கண்ணும் மஞ்சளாவதுண்டு. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இது வருகிறது. பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றும் வேலைக்குப் பச்சைக் குழந்தையின் கல்லீரல் இன்னும் பழகவில்லை. இவ்வளவுதான் சங்கதி. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே வடிந்துவிடும். ஆனால் அளவு மீறி ஏறினால் அது மூளையில் படிந்து, காதைச் செவிடாக்கும், கைகால்களை முடக்கும், உயிரையும் கொண்டுபோகும். இதற்குத்தான் நம்மவர்கள் தோஷம் என்று பெயரிட்டு, வேப்பிலை அடித்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். தானே வடிந்த குழந்தைகளால் மந்திரக்காரனுக்குப் பேர். வடியாமற்போன குழந்தைக்கு விதி என்று பேர்.

இங்கிலாந்தில் ராச்போர்டு என்னும் ஊர் ஆஸ்பத்திரியில் 1956-ல் வார்டு என்ற தாதி, குழந்தைகளை வெயிலில் வைத்திருந்தபோது, ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதைக் கண்டார். டாக்டர்களிடம் காட்டினார். அவர்கள் சோதித்து, 1958-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் குழந்தையைக் கிடத்தும் நீல விளக்கு. அந்தத் தாதி எந்த வேதமும் ஓதவில்லை. கண்ணால் கண்டதை ஏன் என்று கேட்டார். (இதைப் படித்துவிட்டு வீட்டு வெயிலே போதும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். எவ்வளவு மஞ்சள் என்பதை அளந்து பார்க்காமல் காத்திருப்பது ஆபத்து.)

பாலும் இதோடு சேர்ந்த விஷயம். முதலில் சுரக்கும் சீம்பாலை ஆகாதென்று பீச்சிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் புகட்டுகிறார்கள். நோயைத் தடுக்கும் சத்து நிறைந்தது அச்சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது. பால் நன்றாகக் குடித்து மலம் கழிந்தால்தான் மஞ்சளும் வெளியேறும். தேனோ, ஒரு வயது வரை நஞ்சாகவும் கூடும்.

முன்னெல்லாம் சுத்தமற்ற கத்தியால் கொடி அறுத்து, சாணியும் சாம்பலும் வைத்ததால் குழந்தைகள் ரணஜன்னி கண்டு செத்தன. அதையும் பேய் என்றார்கள். தாய்க்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் வந்த பின், அந்நோய் இந்தியாவில் பெருவாரியாக இல்லை என்று 2015-ல் அறிவிக்கப்பட்டது. பேய் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர், கூட்டம் தவறாதவர். அவருடைய பெண் குழந்தைக்கு மூன்றாம் நாள் மஞ்சள் கண்டது. வீட்டுப் பெரியவர்கள் தோஷம் கழிக்க வேண்டும் என்றார்கள். மாமியார் வீட்டில் சண்டை எதற்கென்று இவரும் சும்மா இருந்துவிட்டார். ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்துக் கிடந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர் பிழைத்தது, காது போயிற்று. நாம் அவரைக் குற்றம் சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. மேடையில் ஆயிரம் பேருக்கு முன் பேசுகிற நம்மில் எத்தனை பேர், பிள்ளை பெற்ற அறையில் இரண்டு கிழவிகளுக்கு முன் வாய் திறக்கிறோம்?

ஆகவே தோழர்களே, பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், உடம்பு கொதித்தாலும் அல்லது சில்லிட்டாலும், மூச்சு வாங்கினாலும் அந்த நிமிஷமே 108 வண்டியைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசில்லை. ராகுகாலமும் இல்லை.