சன்னலைச் சற்றே திறந்து வையுங்கள்

குளிர்நாட்டுக்குப் படிக்கச் செல்லும் நண்பர்களே, நியூசிலாந்தில் நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை எரியவிட்டு, சன்னலை இறுக மூடிப் படித்தேன். தலை வலித்தது, தேர்வுக் களைப்பு என்று நினைத்தேன். அறைத்தோழன் சன்னலைத் திறந்த பிறகே தெளிந்தது.

காற்று குறைந்தால் எரிவாயு முழுமையாக எரியாது. கார்பன் மோனாக்சைடு உருவாகும். அது இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கசியும் எரிவாயு நாறும். இதற்கோ மணமே இல்லை. நாற்றமில்லை என்று நம்பித் தூங்கினால் எழாமலே போகலாம்.

அங்கே வாடகை வீட்டின் கூடத்திற்குப் பாதுகாப்பான நிலையான ஹீட்டர் தருவது உரிமையாளரின் சட்டக் கடமை. புகைபோக்கி இல்லாதது அக்கணக்கில் சேராது. கூச்சப்படாமல் கேளுங்கள். அதுவரை சன்னல் திறந்திருக்கட்டும். படுக்கும் முன் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். குளிரைப் போர்வை தாங்கும்.