கரியை இந்தக் கரைக்கு வரவிடோம்!

தோழர்களே! கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் கரையோரத்துச் சகோதரர்களே, சகோதரிகளே!

சம்பூர் அனல்மின் நிலையம் கைவிடப்பட்டதோடு பயம் விட்டது என்று ஓய்ந்திருக்கிறோம். ஓயக் கூடாது. 2006இல் ஷெல்லடிக்கு ஓடிய சம்பூர் மக்களின் மண்ணில்தான் இந்தியாவின் என்.டி.பி.சி. மின் நிறுவனமும் நமது மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்ட இருந்தன. மக்கள் எதிர்த்து நின்றார்கள், வழக்கும் போனது. 2016 செப்டெம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அரசே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அடுத்த வருடமே மின்சார சபை தன் நீண்டகாலத் திட்டத்தில் மறுபடியும் நிலக்கரியை எழுதிக்கொண்டு வந்தது! பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முதலில் அதை ஒப்பவில்லை. புதிய கரி நிலையம் கட்டமாட்டோம் என்று 2021இல் இலங்கை உலகத்தின் முன் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்குக்குக் காவல் நாம்தான்.

கரி வந்தால் என்ன நடக்கும்? புத்தளத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைப் பாருங்கள். 2011இல் தொடங்கி இன்று 900 மெகாவாட். கப்பல் ஆழக் கடலில் நிற்கும், கரி பார்ஜுகளில் கரைக்கு வரும், சிந்துவதெல்லாம் கடலுக்குள். நீராவியைக் குளிர்வித்த சுடுநீரும் கடலுக்கே. தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் குவியலிலிருந்து கிளம்பும் கரித்தூளும் சாம்பலும் வீட்டு முற்றத்திலும் மரக்கறித் தோட்டத்திலும் படிகின்றன. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் உண்டு, ஈயம் உண்டு. புகையோடு போகும் பாதரசம் கடலில் இறங்கி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, நம் பிள்ளைகளின் சோற்றுக்கு வருகிறது. அங்கே மூச்சுத் திணறுபவர்களும் நம்மைப் போல வலையை நம்பி வாழ்பவர்கள்தான்.

நமக்கு ஒலுவில் போதாதா? துறைமுகம் வருகிறது, தொழில் பெருகும் என்றார்கள், நம்பினோம். 2013இல் திறந்தார்கள். அலைதடுப்புக் கற்கள் மணலோட்டத்தை மறித்தன, துறைமுக வாயை மணல் மூடியது, வடக்கே ஒலுவிலையும் நிந்தவூரையும் கடல் அரித்தது. தென்னந்தோப்புகள் போயின, தோணி இழுத்து வைக்க இடம் போனது. கல் போட்ட பிறகு கூச்சலிட்டோம். இம்முறை கல் விழுவதற்கு முன்பே எழ வேண்டும்.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கரி எரிக்க இருந்த அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரியமின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நம் கூரைகளிலும் வெயில் குறைவில்லை.

வருகிற வெள்ளி, ஜும்ஆ முடிந்ததும் ஒவ்வொரு ஊர்க் கடற்றொழிலாளர் சங்கமும் கூடட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் முன்னால் நிற்கட்டும். தமிழர் ஊர்களான பாண்டிருப்பையும் காரைதீவையும் தம்பிலுவிலையும் விட்டுவிட்டு இதை நடத்தவே கூடாது: காணிக்கு நமக்குள் எத்தனை வழக்கு இருந்தாலும், நாம் வலை போடுவது ஒரே கடலில். கிழக்குக் கரையில் கரி நிலையம் வேண்டாம், நுரைச்சோலைக் கரிக்குவியலையும் சாம்பலையும் உடனே மூடிக்கட்டு, காற்றிலும் நீரிலும் எடுத்த அளவுகளைத் தமிழிலும் வெளியிடு என்று தீர்மானம் எழுதுங்கள். பெண்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் போகக் கூடாது. மின்சார சபைக்கும் ஆணைக்குழுவுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் ஒரே நாளில் போய்ச் சேரட்டும். எழுந்து வாருங்கள், தோழர்களே!