அகத்தியமலையும் தையலூசியும்



ஒற்றசேகரமங்கலத்து மாணவனுக்கு அறிவியல் எங்கோ தொலைவில் பிறந்த கலையாகவே தோன்றும். பாடநூல் அவ்வாறு பழக்கிவிட்டது. அப்பக்கத்தில் பாயும் நெய்யாறு அகத்தியமலையில் பிறப்பது. அம்மலைமீது, ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில், 1855இல் காந்த ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. அமைத்தவர் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத் தலைவர் ஜான் ஆலன் பிரௌன். காட்டுவழியே கருவிகளை மேலேற்றியது எளிய செயலன்று.

காந்த நடுக்கோட்டை அடுத்த நிலம் அது. அங்குக் காந்த ஊசி ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும். 21-11-1963இல் முதல் ராக்கெட் எழுவதற்குத் தும்பாவைத் தேர்ந்ததும் இதனாலேயே.

இதனைச் சிறுவன் கையாலேயே காணலாம். தையலூசியின் நடுவே நூல் கட்டி, மட்டமாகத் தொங்கவிட்டு, முடிச்சுக்கு ஒரு துளி பசையிடுக. உலர்ந்தபின் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது முறை தேய்த்து மீண்டும் தொங்கவிடுக. (வீட்டில் மழலை இருப்பின் ஊசியை மறவாது திரும்ப வாங்கிவிடுக.) ஊரில் அது மட்டமாகவே நிற்கும். இலண்டனில் வடமுனை கீழே சாயும். அங்குக் காந்தச் சாய்வு ஏறக்குறைய 66 பாகை. சிங்கப்பூரில் தென்முனை சற்றே தாழும்.

கண்டதைப் படமாக வரைந்து, ஊரிலுள்ள அத்தை மகனுக்கு உங்கள் பிள்ளை அனுப்பட்டும். அவன் ஊசி வேறுவிதமாக நிற்பது ஏன் என்று இருவரும் வாதிடட்டும்.