நாலு பித்தளைப் பந்து

சென்ற மாதம் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் ஒரு வியாசம் எழுதி வரச் சொன்னோம். விஷயம் கடினமானதன்று. மயிலாப்பூர் மாடவீதியில் பூத் தொடுக்கும் பெண்மணி ஒருத்தியைப் பார்த்து, அவள் கை செய்யும் வேலையை ஒரு பக்கத்தில் வருணிக்க வேண்டும். அவ்வளவே. பிள்ளைகளில் அநேகர் அந்த வீதிகளிலேயே வளர்ந்தவர்கள். தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வருகிறவர்களும் கபாலீசுவரர் கோயில் குளத்தைத் தினம் இருமுறை சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். பூக்காரியைப் பார்த்ததே இல்லை என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

திருத்த உட்கார்ந்தோம். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் அவளுக்கு ‘நிம்பிள் ஃபிங்கர்ஸ்’ இருந்தன. மற்றவற்றில் கண் சிமிட்டும் நேரத்தில் சரம் முடிந்துவிட்டது. சிலர் துணிந்து அவளை மந்திரவாதியாகவே ஆக்கிவிட்டார்கள். நார் எந்தக் கையில் இருந்தது, பூக் காம்புகள் எப்படி வைக்கப்பட்டன, முடிச்சு எங்கே விழுந்தது என்று தேடினால் ஒரு தாளிலும் விடை இல்லை. கடையில் விற்கும் வியாசப் புத்தகத்துக்குக் கண் இருந்தால் அது எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள்.

பிள்ளைகளைக் கோபிப்பதற்கு முன் அந்த ஆங்கிலச் சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது நலம். ‘நிம்பிள்’ என்பது, எடுத்தல் அல்லது பற்றுதல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. சட்டென்று பற்றும் கையே அதன் ஆதி. ‘டெக்ஸ்டெரஸ்’ என்பதன் உள்ளே லத்தீன் மொழியின் வலக்கை இருக்கிறது. (இடக்கைக்காரர்கள் மன்னிப்பார்களாக.) ‘டெஃப்ட்’ என்னும் சொல்லும், அசடு என்று பொருள்படும் ‘டாஃப்ட்’ என்னும் சொல்லும் உடன்பிறப்புக்கள், ஒரு தாய் வயிற்றில் சமர்த்தும் அசடும் பிறப்பது மொழியிலும் உண்டு போலும்! ‘லெஜர்டிமெய்ன்’ என்பது பிரெஞ்சில் ‘லேசான கை’. வடமொழியில் ஹஸ்த லாகவம் என்றால் அதுவேதான், லாகவமென்பது லேசு. நாம் அன்றாடம் சொல்லும் லாவகம் அதன் வழியில் வந்தது. ஆக, இச்சொற்கள் புதிதாக வார்க்கப்பட்டபோது ஒவ்வொன்றினுள்ளும் ஒரு கை இருந்தது. கை மாறிக் கை மாறித் தேய்ந்த காசில் ராஜாவின் முகம் அழிந்துபோவது போல் அந்தக் கை இப்போது அழிந்துவிட்டது.

தேயாத காசு ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினோம். வில்லியம் ஹாஸ்லிட் 1821-இல் வெளியிட்ட ‘டேபிள் டாக்’ என்னும் நூலில் இந்திய ஜால வித்தைக்காரர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று இருக்கிறது. வெள்ளை உடையும் இறுக்கிய தலைப்பாகையுமாக ஒருவர் லண்டன் மேடையில் தரையில் அமர்கிறார். பித்தளைப் பந்து இரண்டை மேலே எறிந்து பிடிக்கிறார். அது எவருக்கும் ஆகும். முடிவில் நான்கு பந்துகள் ஒரே சமயத்தில் காற்றில் நிற்கின்றன. அது வேறொருவருக்கும் ஆகாது.

ஹாஸ்லிட் செய்திருப்பதைக் கவனியுங்கள். அவர் முதலில் எண்ணுகிறார். இரண்டு, நான்கு என்ற எண்ணிக்கையிலேயே நமக்கும் அந்த மனிதருக்கும் இடையிலுள்ள தூரம் அளக்கப்பட்டுவிடுகிறது. அடுத்தபடி, எவ்வளவு பிசகினால் எல்லாம் கெடும் என்று சொல்லுகிறார்: மயிரிழை இடம், நினைத்துப் பார்க்கவும் இயலாத சிறு பொழுது. அதன் பின்புதான் உவமைகள் வருகின்றன. கிரகங்கள், தீப்பொறிகள், மலர்கள், பாம்புகள் என்று வரிசையாக வந்தாலும், எண்ணிக்கையும் அளவும் முன்னே வந்துவிட்டபடியால் அவை மிகையாகத் தோன்றுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது மாயமன்று, பால்யத்திலிருந்து விடாமல் உடலையும் மனத்தையும் ஒன்றிலேயே வளைத்ததன் பயன் என்று திட்டமாகக் கூறுகிறார். உடனே தம்மைப் பற்றிய வெட்கம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை நாள் எழுதி வந்திருக்கிறோமே, இவர் பந்தெறிவதுபோல் பிசகின்றி நாம் செய்யக்கூடியது ஒன்றாவது உண்டா என்று கேட்டுக்கொள்கிறார். பந்து கீழே விழுந்தால் கூட்டம் முழுவதும் பார்க்கும். கட்டுரை கீழே விழுந்தால் ஆசிரியரே பெரும்பாலும் பார்ப்பதில்லை! ஓவியம் பயின்று கைவிட்டவராதலால், கை தவறுவது எப்படி என்பது ஹாஸ்லிட்டுக்கு நன்றாய்த் தெரியும். அதே வித்தைக்காரர் வாளை விழுங்கியபோது மட்டும் அவர் முகம் சுளித்தார். இதைப் போலீஸார் தடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நமக்கும் அதுவே சம்மதம்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி வரும்போது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “அந்த வித்தைக்காரர் பெயர் என்ன, ஸார்?” என்றான்.

கட்டுரையில் பெயர் இல்லை. ஸாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் கயிற்றின்மேல் ஆடிய ரிச்சருக்குப் பெயர் இருக்கிறது. சுவரில் பந்தடித்து விளையாடிய ஐரிஷ்காரர் ஜான் காவனாவுக்குப் பெயர் மட்டுமா? அவர் வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்தவர், 1819-இல் இறந்தவர் என்பதெல்லாம் இருக்கின்றன. காவனாவின் அடி எவ்வளவு நேரானது என்று காட்டுவதற்காக வொர்ட்ஸ்வொர்த்தையும் கோல்ரிட்ஜையும் அரசியல் பேச்சாளர்களையும் ஒருவர் பின் ஒருவராக இழுத்து வந்து, அவர்களிடம் இல்லாதது இவரிடம் உண்டு என்று ஹாஸ்லிட் கேலி செய்கிறார். நம்மவர் ஒருவர்தாம் கடைசிவரை ‘வித்தைக்காரர்களின் தலைவர்’.

ஆராய்ந்தவர்கள் அவரை ராமோ சாமி என்று அடையாளம் கூறுகின்றனர். விளம்பரத் தாள்களில் அப்படித்தான் அச்சாயிற்று. ராமசாமி என்று நாம் வாசித்துக்கொள்வதில் தடையில்லை. தென்னாட்டில் அந்தப் பெயர் இல்லாத தெரு உண்டா? அவர் அமெரிக்காவுக்கும் சென்று வித்தை காட்டினார். இங்கிலாந்திலேயே மணம் செய்துகொண்டு பல்லாண்டுகள் வாழ்ந்தார். 1850-இல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யவும் வழியின்றி, அவருடைய மனைவி பத்திரிகை மூலம் பொதுஜனங்களிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. கட்டுரை மட்டும் இரண்டு நூற்றாண்டுகளாக அச்சில் இருந்து வருகிறது.

பின்னால் வந்த ஆங்கில எழுத்தாளர்கள் பெயரைக் கொடுத்தார்கள், வேறொன்றைப் பறித்துக்கொண்டார்கள். 1896-இல் ரஞ்சித்சிங்ஜி இங்கிலாந்துக்காக ஆடத் தொடங்கியபோது, கால் பக்கமாகப் பந்தைத் திருப்பிவிடும் அவருடைய அடியைக் கீழ்நாட்டு மாயமென்று எழுதித் தள்ளினார்கள். கேம்பிரிட்ஜில் வலக்கால் பின்வாங்காதபடி அதைத் தரையோடு பிணைத்து வைத்து அவர் பழகினார் என்பது கிரிக்கெட் உலகில் வழங்கும் கதை. மாயம் என்ற சொல் வந்ததும் அந்தக் கயிறும் அத்தனை நாளைய பயிற்சியும் மறைந்துவிடுகின்றன. பூக்காரியை மந்திரவாதியாக்கிய நம் பிள்ளைகள் செய்ததும் இதுதானே?

ஆங்கிலேயரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமன்று. தமிழ் இந்த விஷயத்தில் கண்ணைக் காட்டிலும் காதை நம்புகிற மொழி. மளமளவென்று, சரசரவென்று, மடமடவென்று என்றால் வேகம் ஒலியாகவே வந்து நின்றுவிடும். சிலப்பதிகாரத்துக் கந்துக வரியில் பந்தாடும் பெண்களின் கை ஓட்டம் பாட்டின் நடையிலேயே துள்ளுகிறது. கம்பன் கார்முகப் படலத்தில் செய்திருப்பது இன்னும் அற்புதம். இராமன் வில்லைக் கையில் எடுத்தது வரையில் சபையோரின் கண்ணுக்கு எட்டியது. அப்புறம் அவர்களுக்கு மிஞ்சியது காதுதான். நடுவில் நடந்ததைக் கவி வருணிக்கவே இல்லை. பார்க்க முடியாத வேகத்தை, பார்க்க முடியவில்லை என்பதைக் கொண்டே காட்டிவிட்டான்.

அப்படிப்பட்ட மொழியில் இன்று என்ன நடக்கிறது? மார்கழியில் சபை சபையாகக் கச்சேரி கேட்டுவிட்டு விமரிசனங்களைப் புரட்டுகிறோம். மிருதங்க வித்வானின் விரல்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் ‘விளையாடுகின்றன’. எந்த விரல், வலந்தலையிலா தொப்பியிலா, எந்த இடத்தில் கை நின்று மௌனம் பேசிற்று என்று சொல்வார் அரிது. நாமும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்தாம், ஒப்புக்கொள்கிறோம்.

வியாசத்தை மறுபடியும் எழுதச் சொன்னோம். பெயர் கேட்டானே, அந்தப் பையன் இரண்டு மாலைப் பொழுதுகள் அந்த அம்மாளின் அருகே போய் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஆங்கிலத்தில் ஐந்து பிழைகள். ஆனால் காம்புகள் எதிரெதிராக இரண்டிரண்டு பூ இடக்கையில் நிற்பதும், வலக்கை நாரைச் சுற்றி விரலில் ஒரு கண்ணி எடுத்துக் காம்பின்மேல் இறக்கி இழுப்பதும் அதில் இருந்தன. நார் சற்று இறுகினால் காம்பு அறும். சற்றுத் தளர்ந்தால் பூ உதிரும். விலை பேசிக்கொண்டும், சில்லறை எண்ணும்படி மகளை அதட்டிக்கொண்டும் இருந்தாளே ஒழிய, ஒருமுறையாவது அவள் தன் கையைப் பார்க்கவில்லையாம். தானும் தொடுத்துப் பார்த்தானாம். பதினோரு பூ பாழ். “பூ என்ன பாவம் செஞ்சுது கண்ணு, விடு” என்று வாங்கி வைத்துக்கொண்டாளாம்.

தாளின் முதல் வரியில் அவள் பெயரை எழுதியிருந்தான். அவளிடமே பல வருஷங்களாக வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு முழம் வாங்கி வருகிற நமக்கு அது புதிய செய்தி. அவள் சம்மதமின்றி அதை இங்கே அச்சிடுவது முறையாகாது. வருகிற வெள்ளிக்கிழமை கேட்கப் போகிறோம். எத்தனை முழம் என்றுதான் முதலில் கேட்பாள்.